கேமராவுக்குச் சொன்ன 'சரி' அரிசிப் பைக்குச் செல்லுமா?

கேள்வி: மன்னார்குடியில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில், பாரம்பரிய அரிசி விற்கும் ஒருவருக்கு மூன்று நிமிட விளம்பர வீடியோ எடுத்துக் கொடுத்தேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு வயலில் சம்பா நடவு. எழுபது வயது ஆயா ஒருவர் குலவை போட்டு நடவுப் பாட்டுப் பாடினார். "எடுத்துக்கலாமா ஆயா?" என்றேன். "எடு தம்பி, என் மூஞ்சில என்ன இருக்கு" என்று சிரித்தார். 500 ரூபாய் கொடுத்தேன், கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. அப்புறம் அரிசிக்காரர் "அந்த ஆயா சிரிக்கிற ஸ்டில் ஒண்ணு அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார், அனுப்பினேன். அதை 5 கிலோ பையில் அச்சடித்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த ஆயாவின் மகன் கடையில் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் 5 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 15 நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். வரப்பில் ஓடிய ஆயாவின் பேத்தியும் வீடியோவில் இருக்கிறாள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த மெமரி கார்டைத் தேடி எடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேண்டும் என்று ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். எடிட் செய்த வீடியோ இதற்கு உதவாது. "எடுத்துக்கலாமா", "எடு தம்பி" என்ற அந்தப் பேச்சு அப்படியே இருக்கும் மூலப் பதிவுதான் இப்போதைக்கு உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி. நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால், 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுதான். வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்க வேண்டாம்.

வாய்வார்த்தைச் சம்மதம் செல்லுமா என்றால், செல்லும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதவில்லை, ஆகவே சம்மதமே இல்லை என்று நோட்டீஸில் இருந்தால் அதற்கு நாம் பதில் சொல்லிவிடலாம். பதில் சொல்ல முடியாத இடம் வேறு. ஆயா எதற்குச் சரி சொன்னார்? "எடுத்துக்கலாமா" என்று கேட்டீர்கள், எடுக்கச் சொன்னார். விளம்பரத்துக்கு என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை, கார்டிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். அப்படியே சொல்லியிருந்தாலும், ஓடி மறையும் வீடியோவுக்குத் தந்த சம்மதம் மளிகைக் கடைதோறும் அடுக்கி வைக்கும் பைக்குச் சேராது. 500 ரூபாயும் அப்படித்தான். எதற்கான பணம் என்று யாரும் பேசவில்லை. நின்று பாடியதற்கு அன்பளிப்பு என்று அவர்கள் சொன்னால், இல்லையென்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் கிடையாது.

இதில் உச்ச நீதிமன்றம் எப்போதோ வழி காட்டிவிட்டது, அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்கில். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கு அது. 1994-இல் தீர்ப்பு வந்தது. நக்கீரன் ஆசிரியர் பெயரால் ராஜகோபால் வழக்கு என்று நாங்கள் சொல்வோம். ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 2017-இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ரஜினிகாந்த் தன் பெயரில் வரவிருந்த இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015-இல் தடை வாங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அது பிரபலத்துக்கு உள்ள உரிமை. ஆயாவுக்கு அந்த வாசல் வேண்டியதில்லை, 1994 தீர்ப்பே போதும்.

அந்த 5 லட்சம் உங்களை ரொம்பப் பயமுறுத்த வேண்டாம். மாட்டுச் சந்தையில் சொல்லும் முதல் விலை அது. இப்படிப்பட்ட நஷ்டஈட்டுக்குச் சட்டத்தில் கட்டணப் பட்டியல் எதுவும் இல்லை. என்ன பாதிப்பு, எவ்வளவு லாபம், எத்தனை பை போயிற்று என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். உண்மையான ஆபத்து தடையாணை. பொங்கல் வியாபாரத்துக்கு முன்னால் "இந்தப் பையை விற்கக் கூடாது" என்று ஓர் இடைக்காலத் தடை வந்தால், அச்சடித்த பை எல்லாம் அரிசிக்காரர் கிட்டங்கியிலேயே கிடக்கும். இது அவருக்கும் புரியும், எடுத்துச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் எழுதிய வக்கீல் கவனித்தாரோ என்னவோ, எனக்கு அதிகமாக உறுத்துவது அந்தப் பாட்டு. நடவுப் பாட்டு தலைமுறை தலைமுறையாக வருவது, அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. ஆனால் அன்று அந்தச் சேற்றில் நின்று பாடியது ஆயாவின் குரல். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாடுபவரையும் ஆடுபவரையும், ஏன் பாம்பாட்டியையும்கூட, நிகழ்த்துநர் என்கிறது. அவர்களுக்கு 50 ஆண்டுக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. சபாவில் பாடினால்தான் என்று அதில் இல்லை. எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் சம்மதித்துவிட்டால், பிறகு தயாரிப்பாளர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதை நிகழ்த்துநர் ஆட்சேபிக்க முடியாது என்று 38ஏ பிரிவு சொல்கிறது. சட்டத்தின் கண்ணில் உங்கள் மூன்று நிமிட வீடியோவும் திரைப்படம்தான். முகத்துக்கு வாய்வார்த்தையை வைத்து வாதாடலாம், பாட்டுக்கு எழுத்து வேண்டும். சமரசப் பத்திரம் எழுதும்போது குரலையும் பாட்டையும் தனி வரியில் எழுதிவிடுங்கள். முகத்துக்கு மட்டும் எழுதி முடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பாட்டுக்கு இன்னொரு நோட்டீஸ் வாங்காதீர்கள்.

பேத்தி விஷயம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் போடும் கையெழுத்துக்கு ஒப்பந்தத்தில் மதிப்பில்லை. அப்பாவோ அம்மாவோ போட வேண்டும். ஆயா பாட்டிதானே என்று அவர் கைநாட்டோடு நிறுத்திவிட வேண்டாம். குழந்தை தானாக ஓடியது தற்செயலாகப் பதிவானது என்றால் அதோடு சரி. "பாப்பா, மறுபடி ஓடு" என்று நாலு டேக் எடுத்திருந்தால் அது நடிக்க வைப்பது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை விளம்பரத்தில் நடிக்க வைக்கக் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். எத்தனை டேக் என்று கார்டு காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இனி எழுதும் பத்திரம். ஒரு முறை ஒரு வீடியோக்காரர் ஆறு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார். எங்கிருந்தோ இறக்கியது. கடைசிப் பக்கத்தில் பாபநாசம் பக்கத்து அம்மா ஒருவரின் இடது கைப் பெருவிரல் ரேகை. மேலே படித்தால், தகராறு வந்தால் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று இருக்கிறது! எழுதப் படிக்கத் தெரியாத முதியவரிடம் வாங்கிய பத்திரத்தை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். புரிய வைத்துத்தான் வாங்கினேன் என்று காட்டுவது வாங்கியவர் பொறுப்பு. அந்த ஆறு பக்கத்தைவிடத் தமிழில் அரைப் பக்கம் மேல். இப்படி எழுதலாம்:

"என் முகம், உருவம், குரல், நான் பாடிய நடவுப் பாட்டு ஆகியவற்றை இன்னார் தம் அரிசி வியாபார விளம்பரத்துக்காக வீடியோவிலும் இணையத்திலும் 2 ஆண்டுகள் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். அரிசிப் பையில் அச்சிடவும் சம்மதம். இதற்காக இத்தனை ரூபாய் இன்று பெற்றுக்கொண்டேன். வேறு பொருளுக்கோ வேறு ஆளுக்கோ கொடுக்கக் கூடாது. மேற்படி வாசகத்தைப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்."

கீழே இரண்டு சாட்சி. ஒருவராவது அவர்கள் பக்கத்து ஆளாக இருக்கட்டும், உங்கள் உதவியாளரே இரண்டு இடத்திலும் போட வேண்டாம். படித்துக் காட்டுவதையும் ரேகை வைப்பதையும் கேமராவில் பதிவு செய்யுங்கள். பையில் அச்சிடும் வரியை வேண்டாம் என்றால் அடித்துவிட்டு அங்கே ரேகை வாங்குங்கள். காலம் எத்தனை ஆண்டு என்று எழுதாமல் விடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறும் வசதி இருக்க வேண்டும் என்கிறது. அதன் முக்கியக் கடமைகள் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன, இருந்தாலும் இப்போதே பழகிக்கொள்ளலாம்.

சந்தையிலும் தேரோட்டத்திலும் கூட்டமாகப் போகிற எல்லாரிடமும் இப்படி வாங்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் வடத்தைப் பிடித்த ஆயிரம் பேரில் ஒருவர் முகம் கடந்து போவது வேறு, அந்த ஒருவரை மட்டும் நெருக்கி எடுத்து அவர் தலைக்குப் பக்கத்தில் அரிசி விலையைப் போடுவது வேறு. பெரிய கோயில், தாராசுரம் போன்ற இடங்களில் வணிகப் படப்பிடிப்புக்குத் தொல்லியல் துறை அனுமதி தனி. ட்ரோன் என்றால் தஞ்சையில் விமானப்படைத் தளம் இருப்பதை மறக்காமல், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வீடியோவில் ஆயா "இந்த அரிசி சாப்பிட்டா சர்க்கரை வராது" என்பது போல ஏதாவது சொல்கிறாரா? நீங்கள் சொல்லிக்கொடுத்துச் சொன்னாரா? இருந்தால் அந்தத் துண்டை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய்யான, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போட முடியும். தயாரிப்பவருக்கு மட்டுமில்லை, பரிந்து பேசியவருக்கும். ஆயாவை அதில் மாட்டிவிட வேண்டாம்.

பையை அச்சடித்தது அரிசிக்காரர், லாபமும் அவருக்கு. ஆனால் விளம்பரத்துக்கு என்று தெரிந்தே ஸ்டில்லை அனுப்பியது நீங்கள், அதனால் முழுதாகக் கழன்றுகொள்ள முடியாது. வேலையை ஒப்புக்கொண்டபோது அவரோடு எழுத்தில் ஏதாவது உண்டா? பட்டுவாடா ரசீது, மெசேஜ் எதுவானாலும் கொண்டுவாருங்கள். இனிமேல் எடுக்கும் வேலைக்கு, பேசிய பயன்பாட்டைத் தாண்டிப் போனால் வரும் நஷ்டம் பார்ட்டியுடையது என்று ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

இந்த வழக்கை நான் நடத்த மாட்டேன், பேசித்தான் முடிப்பேன். 15 நாளுக்குள் ஒரு சுருக்கமான பதில் போய்விடட்டும். அதில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வார்த்தையும் வேண்டாம், "500 வாங்கினாரே" என்ற குத்தலும் வேண்டாம். அவர்கள் வக்கீலிடம் நான் பேசி நாள் குறிக்கிறேன். மகன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவதற்குள் அரிசிக்காரரையும் கூட்டிக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போங்கள். விற்காமல் மீந்த பை எத்தனை என்ற கணக்கு கையில் இருக்கட்டும். பணத்தை ஜிபே-யில் தட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், பத்திரத்தில் ரேகை விழுந்த பிறகு கொடுங்கள். மகனோடு மட்டும் பேசி முடிக்கவும் வேண்டாம், முகம் ஆயாவுடையது. அச்சடித்த பை ஒன்றையும் எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள். அவர் இன்னும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.