80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது!

கேள்வி: எட்டு வருஷம் ஓடிய காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட் செய்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும், ஆனால் நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது), ஏனென்றால் ரிம்மில் இருக்கும் சின்ன எடைத் துண்டு ஒன்று விழுந்திருந்தாலே இந்த வேகத்தில் நடுக்கம் வந்துவிடும். அதுவும் சரியாக இருக்கிறதா? அப்புறம் முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு வந்தால் குற்றவாளி டயரோ ரிம்மோதான். டயர் பக்கச்சுவரில் வீக்கம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அங்கேயே நாலு இலக்க எண் இருக்கும், 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத் தயாரிப்பு (விற்றவர் "புது டயர் சார்" என்று சொல்லியிருப்பார்!). பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். எதிலும் சிக்கவில்லையா, ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தை முதலில் இரண்டு பக்கமும், பிறகு மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். இடம் வலமாக ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை), மேலும் கீழுமாக ஆடினால் பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) அல்லது வீல் பேரிங். அப்படி ஆட்டம் இருந்தால் நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள், நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள்.