தேயிலை மலையின் வல்லூறு: கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டு வல்லூறுகளைப் பற்றிக் கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தேயிலை மலையிலும் அதையொட்டிய காட்டிலும் பல வருடமாகப் பார்த்துப் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீடுகளுக்கு) பின்னால் உள்ள சவுக்கு மரத்தில் புறா அளவில் ஒரு பருந்து வந்து உட்காருகிறது. சாம்பல் முதுகு, நெஞ்சில் செம்பட்டைக் கோடுகள், சிவப்புக் கண். இது என்ன?

சிவப்புக் கண் என்றால் பெரும்பாலும் ஷிக்ரா ஆண். வல்லூறு என்று நாம் சொல்வது இதைத்தான். பருந்துபோல வானத்தில் வட்டமிட்டு இரை தேடுவது இதன் வழக்கமல்ல. இறக்கை குட்டை, நுனி உருண்டை, வால் நீளம். மரத்துக்கு மரம் வளைந்து நுழைந்து பறக்க ஏற்ற உடம்பு அது. இலை மறைவில் அசையாமல் இருந்து, ஓணானோ குருவியோ தெரிந்ததும் சட்டென்று பாயும். நாலைந்து தடவை வேகமாக இறக்கையடித்துவிட்டுச் சறுக்கிப் போனால் அதுதான்.

தொண்டையையும் பாருங்கள். நடுவில் மெல்லிய கோடுதான் இருந்தால் ஷிக்ரா. கறுத்துத் தடித்த கோடு இருந்தால் அது பெஸ்ரா என்ற இன்னொரு வல்லூறு, அடர்ந்த காட்டுக்குள் இருப்பது, லயத்துப் பக்கம் வருவது குறைவு. தலையில் சிறு கொண்டையும் இன்னும் பருத்த உடம்பும் இருந்தால் கொண்டை வல்லூறு.

பண்டாரவளையிலிருந்து: நான் பார்த்த வல்லூறு ராத்திரியிலும் கத்துகிறது. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அப்படிக் கத்துமா?

அது வல்லூறு இல்லை, அக்காக்குயில். நிறமும் வாலின் பட்டைகளும் பறக்கிற விதமும்கூட ஷிக்ராவைப் போலவே இருக்கும். குருவிகளே ஏமாந்து பதறும்போது நாம் ஏமாறுவதில் குறையில்லை. தவிட்டுக் குருவியின் கூட்டில் முட்டையிடுகிற குயில் அது. அலகைப் பாருங்கள்: வல்லூறுக்குக் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், குயிலுக்கு அந்தக் கொக்கி கிடையாது.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா: எங்கள் வீட்டில் இந்த மாதம் மூன்று கோழி போய்விட்டது. வல்லூறுதான் என்று சொல்லி, கல்லெறிந்து கூட்டைக் கலைக்கப் பார்க்கிறார்கள்.

தயவுசெய்து தடுத்துவிடுங்கள், அக்கா. வளர்ந்த கோழியைத் தூக்க ஷிக்ராவுக்குப் பலம் போதாது. குஞ்சை எடுக்கும், அதை மறுக்க மாட்டேன். பெரிய கோழி போயிருந்தால் கீரி, மரநாய், காட்டுப் பூனை, இல்லாவிட்டால் பெரிய கொண்டைப் பருந்து என்று பாருங்கள். இறகு கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். வல்லூறு இனங்கள் இறகை அடியோடு பிடுங்கும், தண்டு முழுசாக இருக்கும். பூனை, கீரி கடித்தால் தண்டு நறுக்கினதுபோல அறுந்திருக்கும்.

கவ்வாத்து வெட்டிய மலையில் ஒருநாள் ஒரு மரக்கட்டையைச் சுற்றி அப்படி இறகு சிதறிக் கிடந்ததைப் பார்த்தேன். நடுவில் கொண்டைக்குருவியின் வாலடிச் சிவப்பு இறகு இரண்டு. ஒரு தண்டுகூட உடைந்திருக்கவில்லை. வல்லூறு உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது.

குஞ்சுகளுக்குப் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு கல் வையுங்கள். கொஞ்சம் வளரும் வரைக்கும் அது போதும். கூட்டைக் கலைக்காதீர்கள். வல்லூறுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவைகள். வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1937 முதலே இருக்கிறது.

பதுளையிலிருந்து: ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்துவிட்டது. என்ன செய்வது?

ஒரு துணியை மேலே போட்டு, கால் நகத்தைக் கவனித்துக்கொண்டு தூக்குங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்துவிட்டால் பெட்டியை வெளியே கொண்டுபோய்த் திறந்தாலே போதும். தொங்குகிற இறக்கையாக இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

எனக்கு ஒருமுறை அப்படி ஒன்று கைக்கு வந்தது. மஞ்சள் கால் தீக்குச்சிபோல மெலிசு, நடுவிரல் மட்டும் மற்ற விரல்களைவிட நீளம். பறக்கிற குருவியைப் பிடிக்க அமைந்த விரல். அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இதயம் அடித்த வேகம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து: மரக்கறித் தோட்டத்தில் அடிக்கிற மருந்து இவற்றைப் பாதிக்குமா?

பாதிக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய வல்லூறு 1950களின் இறுதியில் பிரிட்டனின் பல பகுதிகளில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. காரணம் டிடிடி போன்ற பூச்சிக்கொல்லி மருந்துகள். பூச்சியிலிருந்து குருவிக்கும், குருவியிலிருந்து வல்லூறுக்கும் மருந்து சேர்ந்துகொண்டே போனது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது. பிரிட்டிஷ் ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப் 1967இல் அதை எழுதி வெளியிட்டார். அந்த மருந்துகளை நிறுத்திய பிறகு வல்லூறுகள் திரும்பி வந்தன. தேவைக்கு மேல் ஒரு சொட்டும் அடிக்காதீர்கள்.

இன்னொருவர்: ஆண் பெரிதா, பெண் பெரிதா?

பெண்தான்.

தலவாக்கலையிலிருந்து: எங்கே போனால் பார்க்கலாம்?

தூரம் போக வேண்டாம். காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் நில்லுங்கள். கொண்டைக்குருவிகள் கூடிக் கத்தி, அணிலும் விடாமல் கீச்சிட்டு, அப்புறம் எல்லாம் ஒரேயடியாக அடங்கினால் அசையாதீர்கள். பக்கத்து மரத்தின் நடுக்கிளையைப் பாருங்கள். உச்சியில் இருக்காது.