மறுவீட்டுச் சொதியும் மூன்றாம் பாலும்

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் படித்து முடித்துவிட்டேன். கல்யாணம் முடிந்த வீடு மாதிரி மனசு வெறிச்சென்று கிடக்கிறது. யாராவது அதற்கு ஒரு தொடர்ச்சி எழுதக் கூடாதா? மறுவீடு இல்லாமல் கல்யாணம் உண்டா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மறுவீடு என்று சொல்லிவிட்டீர்கள். கல்கி கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் சொதி.

நெல்லைச் சைவ வீடுகளில் மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். இப்போது பந்தியில் அந்தப் பெயரில் ஊற்றுவது மஞ்சள் வெந்நீர். ஆறு பேருக்கு முற்றின தேங்காய் இரண்டு வேண்டும். திருகி, மூன்று பால் எடுத்துத் தனித்தனியே வையுங்கள். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, சின்ன உள்ளி, பூண்டு எல்லாம் வேகவேண்டியது தண்ணீராக இருக்கும் மூன்றாம் பாலில். குழைய வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சைமிளகாய் விழுதும் இரண்டாம் பாலோடு சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் சூடு தணிந்த பிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே பிழிகிற வீட்டில் சம்பந்தமே வைக்கக் கூடாது. கூடவே இஞ்சித் துவையல் கட்டாயம். அத்தனை தேங்காய்ப்பால் செரிக்க வேண்டாமா?

சரி, கல்கி. முதல் பாலை ஊற்றி இறக்கியும் வைத்துவிட்டார் அவர். அப்புறம் யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்காக முடிவுரையும் எழுதினார். 1954-ல் தொடர் முடிந்தது. அந்த டிசம்பரிலேயே காலமானார். பின்னால் வருகிறவர் கையில் மிஞ்சுவது மூன்றாம் பால். விக்கிரமன் துணிந்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். உங்கள் ஏக்கத்துக்கு அதை வாசித்துப் பாருங்கள். மறுவீட்டுக்கு இலை போட வேண்டியது பெண் வீட்டார், எதிர்வீட்டார் அல்ல என்பது என் கட்சி. இடைசெவல் கி.ரா. ‘கோபல்ல கிராம’த்துக்குத் தாமே ‘கோபல்லபுரத்து மக்கள்’ எழுதினார். 1991-ல் சாகித்திய அகாதெமி பரிசு வீடு தேடி வந்தது.

சொந்தக்காரரே எழுதினாலும் ஒத்திப்போடக் கூடாது. பெருங்குளம் அ. மாதவையா ‘பத்மாவதி சரித்திர’த்தின் இரண்டு பாகங்களை 1898, 1899-ல் வெளியிட்டார். மூன்றாவதை 1924-ல்தான் தம் ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகையில் தொடங்கினார். மறு வருஷம், பி.ஏ.வுக்குத் தமிழைக் கட்டாயமாக்கச் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழக செனட்டில் பேசியவர் அங்கேயே உயிரை விட்டார். கதை இன்னும் பாதியில் நிற்கிறது. பழைய நெல்லை ஜில்லாக்காரரின் நாவல்! அதற்குத் தொடர்ச்சி கேட்டு எனக்கு ஒரு கார்டு வந்ததில்லை. எல்லாருக்கும் சோழன்தான் வேண்டும்.

அந்தச் சோழன் கதைகளில் நம் பாண்டிய நாட்டானுக்கு என்ன வேஷம்? இருட்டில் ஒளிந்து சதி செய்கிற வேஷம். வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்று பட்டம் சூடியவன் என்பதை யார் நினைக்கிறார்கள்? எழுதியே தீருவேன் என்று எவராவது கிளம்பினால் அம்பாசமுத்திரம் பக்கம் மன்னார்கோவிலுக்கு ஒரு நடை போய் வரட்டும். மண் பாண்டியனது, கோயிலுக்குப் பெயர் ராஜேந்திர சோழ விண்ணகரம், கட்டியவன் சேரன். அப்போது மதுரையிலிருந்து ஆண்டவன் ராஜேந்திரன் மகன், ‘சோழபாண்டியன்’ என்ற பட்டத்தோடு. தோற்ற ஊர்க்காரன் கண்ணில் இதெல்லாம் எப்படிப் பட்டிருக்கும்? அதை எழுதுகிறவருக்கு இந்தப் பத்திரிகையில் வாரம் நாலு பக்கம் தருகிறேன், படத்தோடு. ஒரே நிபந்தனை: குந்தவையின் கொண்டையை வர்ணிக்கக் கூடாது.