கையெழுத்துப் போடும் முன்: வாசகர் கேள்வி – பதில்

சொந்தமாகப் புத்தகம் போடுவது பற்றிய கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். நானும் மாதுங்காவில் உட்கார்ந்துகொண்டு என் நாவல்களை நானே அச்சடித்து விற்கிறவள். மும்பை வட்டாரத்திலிருந்து வந்த நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, தாராவி தோல் பட்டறைக் குடும்பம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதி முடித்துவிட்டேன். ஒரு நிறுவனம் 65,000 ரூபாய்க்கு ‘பேக்கேஜ்’ சொல்கிறது. ஐஎஸ்பிஎன், காப்பிரைட், அட்டை, ஆன்லைன் விற்பனை, பத்துப் பிரதி எல்லாம் அதில் அடக்கமாம். கொடுக்கலாமா?
– வாசகி, செம்பூர்

கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் பாதி உங்களுக்குச் சும்மா கிடைப்பது. எழுதி முடித்த கணமே காப்பிரைட் உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமே இல்லை. ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் எண். அதை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அந்த பேக்கேஜ் நிறுவனம் வாங்கித் தரும் எண்ணில் பதிப்பாளர் என்று இருக்கப்போவது அந்த நிறுவனத்தின் பெயர்தான்.

பணத்தை விட எனக்குக் கவலை அந்த ஒப்பந்தம்தான். எத்தனை வருடத்துக்கு உரிமை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். 1957ஆம் வருடக் காப்பிரைட் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பலர் ‘காப்பிரைட்டின் முழுக் காலத்துக்கும்’ என்று ஒரு வரியை நுழைக்கிறார்கள். அதற்கு அர்த்தம், உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 60 வருடமும். மொழிபெயர்ப்பு, ஆடியோ, சினிமா உரிமைகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தால் அவையும் அத்தனை காலத்துக்கும் போய்விடும். பணத்தையும் கொடுத்து உரிமையையும் கொடுப்பது என்ன நியாயம்?

வேலையைப் பிரித்துக் கொடுங்கள். எடிட்டர் ஒருவர், மெய்ப்புப் பார்க்க வேறொருவர், லேஅவுட்டுக்கும் அட்டைக்கும் தனித்தனி ஆள். எடிட்டிங்கில் மட்டும் கையைச் சுருக்க வேண்டாம். லேஅவுட் செய்பவரிடம் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: யூனிகோட் எழுத்துருவில்தான் வேண்டும், வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டுமல்ல, திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பும் வேண்டும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் செய்துவிட்டால் மின்னூலாக்கும்போது மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். முன்னூறு பக்கத்தையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க நேரும்.

அச்சகம் மாதிரிப் பிரதி அனுப்பினால் அட்டையை ரசித்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். நடுப்பக்கத்தை விரித்து, முதுகை மேஜையோடு அழுத்துங்கள். பசை விட்டு ஒரு தாள் கையோடு வருகிறதா? உள்பக்க ஓரத்து எழுத்துகள் பைண்டிங்குக்குள் ஒளிந்துகொள்கின்றனவா? ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இதையெல்லாம் பார்க்காமல் அச்சுக்கு அனுமதி கொடுப்பதில்லை.

சொந்தமாகப் போட்டால் சட்டப்படி பதிப்பாளரும் நீங்கள்தான். நூலகங்களுக்குப் புத்தகம் வழங்குவது பற்றிய 1954ஆம் வருடச் சட்டப்படி, புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, டெல்லி பப்ளிக் லைப்ரரி, மும்பை ஏஷியாட்டிக் சொசைட்டி மத்திய நூலகம் நான்குக்கும் ஆளுக்கொரு பிரதி உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். கடைசிப் பிரதியை ஃபோர்ட்டுக்குப் போய் நீங்களே கொடுங்கள். தாராவிக் கதை அந்த நூலகத்தில் நிரந்தரமாக இருக்கப்போகிறது!

கிண்டிலில் போட்டால் வேறு எங்கும் போடக் கூடாது என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், முலுண்ட்

பாதி நிஜம். கேடிபியில், அதாவது கிண்டிலுக்கு நாமே மின்னூல் ஏற்றும் அமேசான் தளத்தில், சும்மா போட்டால் எந்தத் தடையும் இல்லை. ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் மட்டும் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, தரக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இது பொருந்தாது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் 35தான். செலக்டில் சேர்ந்த புத்தகம், சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டிலும் வரும். அங்கே வாசகர்கள் படித்த பக்கத்துக்கு ஏற்பப் பணம். நாவல், தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு செலக்ட் நல்லது என்பது என் எண்ணம். 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் தானாகப் புதுப்பிக்கும் அந்த டிக்கை முன்பே எடுத்துவிடுங்கள்.

அம்பர்நாத்திலிருந்து சிஎஸ்டி வரை லோக்கலில் போனிலேயே எழுதுகிறேன். இரண்டு புத்தகம் வந்துவிட்டது. வேலையை விட்டுவிடலாமா?
– வாசகர், அம்பர்நாத்

இப்போது வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். 250 ரூபாய்ப் புத்தகத்துக்கு அச்சுச் செலவு 90 என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால் உங்களுக்கு நிற்பது 60. அதையே வாசகருக்கு நேரடியாக அனுப்பி, தபாலுக்கு 40 போனாலும் 120 நிற்கும். ஆகவே யார் வாங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது: பெயர், ஊர், வாட்ஸ்அப் எண், எந்தப் புத்தகம், எப்போது. புதுப் புத்தகம் வரும்போது முதல் செய்தி அவர்களுக்குத்தான். அவர்கள்தான் பழைய புத்தகத்தையும் கேட்டு வாங்குகிறார்கள். கடையில் விற்ற பிரதி யார் வீட்டுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்?

புத்தகப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அடுத்த புத்தகத்தின் அச்சுச் செலவை அந்தக் கணக்கே தாங்கி, அதற்கு மேலும் வீட்டுக்குப் பணம் வரத் தொடங்கும் நாளில் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரை எழுத்தை ஒட்டிய வேலைகளையும் தேடுங்கள். அந்தேரிப் பக்கம் டப்பிங் ஸ்டூடியோக்களுக்கும் விளம்பர ஏஜென்சிகளுக்கும் நல்ல தமிழ் எழுதத் தெரிந்த ஆள் எப்போதும் தேவை. இந்தியும் மராத்தியும் தெரிந்த உங்களைப் போன்றவருக்கு இந்த ஊர் கொடுக்கிற வாய்ப்பு அது. ஆனால் ரயிலில் எழுதும் அந்த நேரத்தை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள்.

முதல் பதிப்பு எத்தனை பிரதி போடலாம்? ஆயிரம் போட்டால் ஒரு பிரதியின் விலை குறையும் என்கிறார் அச்சகத்துக்காரர்.
– வாசகி, சயான் கோலிவாடா

குறையும், உண்மைதான். ஆனால் அந்த ஆயிரத்தையும் எங்கே வைப்பீர்கள்? மும்பை வீட்டில் கட்டிலுக்கடியில் எத்தனை பண்டல் கொள்ளும்? மழைக்காலத்து ஈரத்தில் ஓரம் சுருண்ட புத்தகத்தை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு என்று போட்டுக்கொள்ளலாம், தீர்ந்தால் மறுபடி போடலாம். எத்தனை என்று முடிவு செய்ய, வாங்குவேன் என்று வாய்விட்டுச் சொன்னவர்களின் பெயரை எழுதி எண்ணுங்கள். அதோடு சட்டப்படி நூலகங்களுக்கு நான்கு, விமர்சனத்துக்குப் பத்து. ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குத் தனியாக ஒரு கட்டு. தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் வைக்க இடம் கேளுங்கள். கொடுத்த பிரதிகளுக்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், நெருங்கிய நண்பராக இருந்தாலும்.