செட்டிநாட்டில் எங்கள் தெருவைச் சீரமைக்கச் சங்கம் தொடங்குகிறோம். நிர்வாகக் குழுவையும் துணைக்குழுக்களையும் எப்படி அமைப்பது?

1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் பதியலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. ஊரில் குடியிருப்பவரே பொருளாளராக இருக்கட்டும். பொங்கலுக்கு மட்டும் வருபவர் என்றால் காசோலைக் கையெழுத்துக்காகவே வேலை நிற்கும்.

துணைக்குழு இரண்டு போதும். முதலாவது ஊருணிக்கு. எழுத்தில் அனுமதி வாங்கி, முதலில் வரத்துக்காலை, அதாவது மழைநீர் வந்துசேரும் வாய்க்காலைத் திறந்துவிடுங்கள், பிறகுதான் தூர்வாருவது. பலர் ஊருணியை மட்டும் தோண்டுகிறார்கள். ஐப்பசி மழை கொட்டியும் தண்ணீர் வந்து சேராது. அடிக்களிமண்ணையும் வெட்டி எடுத்துவிட்டால், வந்த நீரும் நிற்காது.

மற்றது பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்கு. பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்காமல் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்றாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவே கூடாது: ஈரம் உள்ளே தங்கி, பழைய பூச்சு உப்பிப் பெயர்ந்துவிடும்.