98 சதவீதம் போதாதா?

அன்புள்ள ஐயா,

பசிபிக் தீவுகளைப் பற்றி எழுதும்போது, பப்புவா நியூ கினியிலிருந்து பிரிந்துபோக, போகன்வில் தீவில் வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பார்த்தேன், வாக்கெடுப்பு நடந்தது 2019-ல். இன்னும் தனி நாடு ஆகவில்லை. ஆள்பவர்கள் சம்மதித்தால்தான் விடுதலை என்றால் மக்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்? வெறும் கண்துடைப்புதானே? மூன்று லட்சம் பேர் தனி நாடாகத் தாக்குப்பிடிக்க முடியுமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கோபம் புரிகிறது. ஆனால் கண்துடைப்பு என்பதை நான் ஏற்க மாட்டேன். சுதந்திரத்துக்கு 1,76,928 வாக்குகள், கூடுதல் தன்னாட்சி போதும் என்றவை வெறும் 3,043. வாக்கெடுப்பை நடத்திய ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பெர்டி அஹெர்ன். எண்ணிக்கையை, போர்ட் மோர்ஸ்பியைத் தலைநகராகக் கொண்ட பப்புவா நியூ கினி அரசும் மறுக்கவில்லை.

சிக்கல் 2001-ல் கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. வாக்கெடுப்பு உண்டு, ஆனால் கடைசி முடிவு பப்புவா நியூ கினி நாடாளுமன்றத்தின் கையில் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இப்படி ஒரு வரிக்குப் போராளிகள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளைப் பார்க்க வேண்டும்.

பாங்குனாவில் ஒரு பெரிய செப்புச் சுரங்கம். போகன்வில்லின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழியில் வருவது, ஆனால் நிலம் எடுக்க வந்தவர்கள் ஆண்களிடம் பேசினார்கள். 1969-ல், ஆஸ்திரேலிய ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது, ரொரொவானா கிராமத்துப் பெண்கள் அளவைக் கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகையும் தடியுமாக இறங்கியது. சுரங்கம் 1972-ல் உற்பத்தியைத் தொடங்கியது, நாட்டின் கஜானாவை நிரப்பியது, கழிவு முழுக்க ஜாபா ஆற்றில் போனது. நிலத்துக்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். 1988 கடைசியில் மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள், அடுத்த மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது, அப்புறம் போர்.

1990-லிருந்து அரசு தீவை முற்றுகையிட்டது. மருந்து வரவில்லை, டீசல் வரவில்லை. தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டினார்கள், சுரங்கத்துப் பழைய இரும்பை வைத்து ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். கேட்க வியப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதே காலத்தில் மலேரியாவுக்கு மாத்திரை இல்லாமலும் பிரசவத்திலும் செத்தவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை. போரிலும் முற்றுகையிலும் 20,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள், அன்றைக்கு மொத்த மக்கள்தொகையே இரண்டு லட்சம்கூட இல்லை. அந்த நிலையில் துப்பாக்கியைக் கீழே வைக்க ஒரு வழி கிடைத்தால் அந்த வரியோடு சேர்த்தே கையெழுத்துப் போடுவார்கள். நான் அங்கே இருந்திருந்தாலும் போட்டிருப்பேன்.

சதவீதம் மட்டும் நாட்டை உண்டாக்காது. கிழக்குத் திமோரில் 1999-ல் 78.5 சதவீதம்தான், ஆனால் முடிவை ஏற்பதாக இந்தோனேசியா முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தது. அதன் பிறகும் இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின, பன்னாட்டுப் படை வர வேண்டியிருந்தது, சுதந்திரம் 2002-ல்தான். ஈராக்கின் குர்துகள் 2017-ல் 92 சதவீதத்துக்கு மேல் பிரிவினைக்கு வாக்களித்தார்கள். பாக்தாத்தோடு எந்த ஒப்பந்தமும் இல்லை, மூன்றே வாரத்தில் கிர்குக் நகரம் கைவிட்டுப் போனது. போகன்வில்லுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தம்தான் அவர்களைக் கட்டிப் போட்டிருக்கிறது, போர்ட் மோர்ஸ்பியைப் பேச்சு மேசையில் உட்கார வைத்திருப்பதும் அதுதான்.

போகன்வில்லைப் பிரியவிட்டால் நியூ அயர்லாந்து, கிழக்கு நியூ பிரிட்டன் என்று மற்ற மாகாணங்களும் கிளம்பிவிடும் என்ற பயம் அங்கே உண்டு. பயம் பொய்யில்லை. ஆனால் அதற்காக, ஆயுதத்தை ஒப்படைத்து, பதினெட்டு வருடம் பொறுத்திருந்து, வரிசையில் நின்று வாக்களித்தவர்களை வருடக்கணக்கில் இழுத்தடிப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். போகன்வில்லின் இப்போதைய தலைவர் இஷ்மாயில் டொரோவாமாவே முன்னாள் போராளித் தளபதி. அவர் பேச்சுவார்த்தையில் நிற்கும்போதே முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

மூன்று லட்சம் போதுமா என்றால், அதே கடலில் சுமார் பன்னிரண்டாயிரம் பேரோடு நவ்ரு தனி நாடாக இருக்கிறது. தலைக்கணக்கு பிரச்சினை இல்லை, வருமானம்தான் பிரச்சினை. இன்றும் செலவுக்குப் பெரும்பாலும் போர்ட் மோர்ஸ்பி தரும் பணம்தான், அதனால் பேச்சு திரும்பத் திரும்பப் பாங்குனாவுக்கே போகிறது. சுரங்கத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ரியோ டின்டோ நிறுவனம் 2016-ல் தன் பங்குகளைக் கொடுத்துவிட்டு விலகியது, ஆறு அப்படியே கிடக்கிறது. சுரங்கத்தைத் திறந்தால் காசு வரும். ஆற்றைச் சுத்தம் செய்யாமலும், நிலத்துக்குச் சொந்தக்காரப் பெண்களைக் கேட்காமலும் திறந்தால் புதிய நாடும் பழைய சண்டையில்தான் தொடங்கும், எனக்கு உண்மையான கவலை அங்கேதான்.

2027 செப்டம்பர் 1-ஐ சுதந்திர நாளாக போகன்வில் தலைவர்கள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் நாடாளுமன்றம் இந்த முடிவை அவையில் வைத்து, ஆம் அல்லது இல்லை என்று வாக்களித்தாக வேண்டும். இல்லை என்றால் அதன் காரணத்தை அந்த 1,76,928 பேரிடம் நேரில் போய்ச் சொல்லட்டும்.