பயணத்தில் சாப்பிட்டதில் நீங்கள் எதிர்பாராமல் ரசித்த எளிய உணவு எது?

ஃபிஷ் அண்ட் சிப்ஸ். லண்டனில் இரண்டு முறை சாப்பிட்டுவிட்டு, 'இதற்கா இவ்வளவு பேச்சு?' என்று ஒதுக்கிய அதே பண்டம்தான். மூன்றாவது முறை சாப்பிட்டது வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையில், ராபின் ஹூட்ஸ் பே என்ற சிற்றூரில். ஒரு காலத்தில் மீனவர்களும் கடத்தல்காரர்களும் இருந்த இடம். இப்போது நிறைய வீடுகளை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். 1965இல் மூடப்பட்ட ரயில் பாதை இப்போது நடைபாதை. அதில் பக்கத்து ஊரான விட்பியிலிருந்து நடந்தே போனோம், நல்ல பசி.

அங்கே சிப்ஸ் என்றால் நம் வாழைக்காய் வறுவல் மாதிரி மொறுமொறுவென்று இருக்காது. விரல் தடிமனில் பொரித்த உருளைக்கிழங்கு, உள்ளே மெத்தென்று இருக்கும். மீன், இங்கிலாந்தின் தெற்கே பெரும்பாலும் காட் என்ற வகை. யார்க்‌ஷயர்காரர்களுக்கு ஹாடக்தான், அதுவும் தோலை உரித்து. பஜ்ஜி போல மாவில் தோய்த்துப் பொரித்தாலும் காரமில்லை, பெருங்காயமில்லை. நம் நாக்குக்கு முதல் கடி சப்பென்றுதான் இருக்கும்.

லண்டனில் 'உப்பு, வினிகர்?' என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். தப்பு அங்கேதான். மால்ட் வினிகரின் புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே அறுத்துவிடுகிறது. அப்புறம் சூடு. பொட்டலத்தை அறைக்குக் கொண்டுபோனால் ஆவியிலேயே மேல்மாவு நமத்துவிடும். வாங்கிய கையோடு, குளிர்காற்றில், கடலோரச் சுவரில் உட்கார்ந்து தின்ன வேண்டும்.

கூடவே மஷ்ஷி பீஸ். முற்றிய பட்டாணியைச் சமையல் சோடா போட்டு இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவைத்தது. "சுண்டல் செய்யப்போய்க் கைதவறினது மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. கிண்ணத்தைக் காலி செய்ததும் அவள்தான். ஸ்க்ராப்ஸ் என்று கேட்டால் சட்டியில் உதிர்ந்த மாவுத் துணுக்குகளைப் பல கடைகளில் சும்மாவே அள்ளிப் போடுவார்கள். பஜ்ஜி சட்டியில் மிஞ்சும் தூளுக்குச் சண்டை போட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒன்று முக்கியம்: யார்க்‌ஷயரில் நிறையக் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். டிரிப்பிங் என்பார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 'சிப்ஸ் மட்டும்தானே' என்று நினைக்கும் சைவக்காரர்களும்தான். அதுவும் அதே கொழுப்பில்தான் வேகும்.

கடற்புறாக்களிடம் ஜாக்கிரதை என்று பலகையே வைத்திருந்தார்கள். படித்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். மீனில் பாதி இருக்கும்போது பின்னாலிருந்து ஒன்று பாய்ந்து, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. சரி என்று மறுபடி மேடேறி வரிசையில் நின்றேன். இந்த முறை, கேட்பதற்கு முன்னால் நானே வினிகரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.